பதின்மூன்று ஆண்டுகள் திறந்திருந்த கோப்பு: சோனோஸ்–கூகுள் வழக்கும் ஒலித்துறைக் காப்புரிமைக் குழுவின் பொறுப்பும்

2019ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவைத் தலைமையிடமாகக் கொண்ட, ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனத்தின் சார்பில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு சிறு திருத்தம் தாக்கலானது. 2006இல் அந்நிறுவனம் அளித்திருந்த தற்காலிக விண்ணப்பத்தின் பிற்சேர்க்கையில் கிடந்த ஒரு வாசகத்தை எடுத்து, அப்போது பரிசீலனையில் இருந்த தொடர் விண்ணப்பத்தின் (பழைய விண்ணப்பத்தின் தேதியிலேயே புதிய உரிமை கோரும் விண்ணப்பம்) விவரக்குறிப்புக்குள், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் பகுதிக்குள், சேர்த்தார்கள். விண்ணப்பம் தேறியது, காப்புரிமையும் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, கூகுளுக்கு எதிராகச் சோனோஸ் பெற்ற 3.25 கோடி டாலர் மதிப்புள்ள ஜூரித் தீர்ப்பு ரத்தானதற்கு இந்தச் சிறு திருத்தமும் ஒரு காரணமாயிற்று. பிறகு மேலும் இரண்டு ஆண்டுகள் சென்று, அதே தீர்ப்பு மேல்முறையீட்டில் எழுந்து நின்றது.

ஒலித்தொழில்நுட்ப நிறுவனமொன்றில் காப்புரிமைக் குழுவை நடத்துபவர்களுக்கு இந்த வழக்கைப் போலப் பயனுள்ள பாடப்பொருள் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எதை முதல் நாளிலேயே எழுதி வைப்பது, எந்தக் கோப்பை மூடாமல் வைத்திருப்பது, யார் மீது எந்த மன்றத்தில் எந்த உரிமையை நீட்டுவது என்று அந்தப் பொறுப்பில் இருப்பவர் எடுக்கவேண்டிய முடிவுகள் எல்லாம் இதில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. நிறுவனத்தின் உள்ளே நடந்த ஆலோசனைகள் நமக்குத் தெரியா. நீதிமன்ற ஆவணங்களிலும் பொதுவெளியிலும் பதிவானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம்.

பாட்டு ஒன்று, கடிகாரம் இரண்டு

சோனோஸை 2002இல் ஜான் மக்ஃபார்லேன், கிரெய்க் ஷெல்பர்ன், டாம் கல்லன், ட்ரங் மாய் ஆகிய நால்வர் தொடங்கினர். வீட்டின் எல்லா அறைகளிலும் கம்பியில்லாமல் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கும் அவர்களது முதல் கருவி 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது.

‘ஒரே நேரத்தில்’ என்பது சொல்ல எளிது, செய்யக் கடினம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் கடிகாரமாக ஓடுகிறது. இரண்டு படிகங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு இருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகிவிடும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் வாசற்படியில் நிற்பவருக்கு அந்த விலகல் தெளிவான எதிரொலியாகக் கேட்கும். சோனோஸின் பொறியாளர் நிக் மில்லிங்டன் வடித்த தீர்வில், ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரத்தைத் தன் போக்கில் ஓடவிடும். குழுவில் ஒரு கருவி, ஒலித்துண்டு ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் ஒலிக்கவேண்டும் என்பதையும் தன் கடிகாரம் இப்போது காட்டும் நேரத்தையும் மற்றவற்றுக்குச் சொல்லும். கேட்கும் கருவி தன் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, தன் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு ஒலிக்கும். இதற்கான முதல் விண்ணப்பம் 2003 ஜூலையில், அதாவது முதல் கருவி கடைக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே தாக்கலாகிவிட்டது.

இந்த ஒத்திசைவு நுட்பம் தொழில்நுட்ப நோக்கில் மகுடம் போன்றது என்றாலும், காப்புரிமைக் குழுத்தலைவரின் கண்ணுக்கு அதில் ஒரு குறை உண்டு. போட்டியாளரின் ஸ்பீக்கருக்குள் கடிகாரக் கணக்கு எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நெட்வொர்க்கில் போகும் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும், இல்லையேல் வழக்குத் தொடுத்து மூலநிரலை வரவழைக்கவேண்டும். மாறாக, நான்கு ஸ்பீக்கர்களின் ஒலியளவை ஒரே கோட்டில் ஏற்றி இறக்குவது, இரண்டு ஸ்பீக்கர்களை இடது–வலது இணையாக்குவது, புதுக் கருவியை வீட்டு வைஃபையில் சேர்ப்பது ஆகியவை ஆப்பைக் கையில் வைத்திருக்கும் யாருக்கும் கண்முன் தெரிபவை. கடையில் ஒரு கருவியை வாங்கிப் பெட்டியைப் பிரித்து, திரைப்பிடிப்புகளை வரிசையாக ஒட்டியே, காப்புரிமை எங்கெங்கே மீறப்படுகிறது என்று காட்டும் மீறல் அட்டவணையின் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். சோனோஸ் பின்னர் வழக்குக்குத் தேர்ந்த ஐந்து காப்புரிமைகளில் இரண்டு ஒத்திசைவைப் பற்றியவை, மற்ற மூன்றும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் வகையைச் சேர்ந்தவை. அந்தக் கலவை தற்செயலாக அமைந்ததென்று நான் நினைக்கவில்லை.

ஒலித்துறையில் வேறொரு பாதையும் உண்டு. எம்பி3 முதலான ஒலிச்சுருக்க முறைகளின் காப்புரிமைகள் தரநிலையோடு பிணைந்தவை. ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் எம்பி3 உரிமத்திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. அங்கே தரநிலையைப் பின்பற்றுகிறவர் எல்லாரும் உரிமம் பெறவேண்டியவர்களே. எனவே குழுத்தலைவரின் வேலை பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதும் ஒப்பந்தம் எழுதுவதும்தான். சோனோஸுக்கு அத்தகைய தரநிலை எதுவும் இல்லை. ஆகவே கட்டணம் கேட்பதோடு நிற்காமல், ‘விற்காதே’ என்று தடுக்கும் உரிமையும் அதன் கையில் இருந்தது.

முதலில் சிறியவர்

2014இல் டெனான் பெயரில் ஒலிக்கருவி விற்றுவந்த டி அண்டு எம் ஹோல்டிங்ஸ் மீது சோனோஸ் டெலவேரில் வழக்குத் தொடுத்தது. 2017 டிசம்பரில் ஜூரி மூன்று காப்புரிமைகளில் மீறலைக் கண்டது. இழப்பீடாகக் கிடைத்தது ஏறத்தாழ 19 லட்சம் டாலர். வழக்கறிஞர் செலவுக்கே அது போதியிருக்காது. ஆனாலும் காப்புரிமைகள் செல்லாது என்ற எதிர்வாதத்தை ஜூரி அறையில் தாங்கி நின்றது பணத்தில் அளக்க முடியாத வரவு. மறு ஆண்டில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

கூகுளோடு கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. 2013இல் கூகுளின் இசைச் சேவையைச் சோனோஸ் கருவிகளில் ஓடச்செய்ய இரு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்தன, தொழில்நுட்ப விவரங்களும் கைமாறின. 2015 முதல் கூகுள் தானே பல அறைகளில் ஒலிக்கும் கருவிகளை விற்கத் தொடங்கியது. 2016 முதல் பலமுறை எச்சரித்ததாகவும், மீறப்பட்ட காப்புரிமைகள் நூற்றுக்கு மேல் இருப்பதாகவும் சோனோஸ் பின்னர் கூறியது. 2019 நிதியாண்டில் சோனோஸின் வருவாய் ஏறத்தாழ 126 கோடி டாலர். அதே ஆண்டில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாய் 16,000 கோடி டாலருக்கு மேல். அமேசானும் தங்கள் காப்புரிமைகளை மீறுவதாகச் சோனோஸ் கருதியது. இரண்டு பேரோடும் ஒரே நேரத்தில் மோத முடியாது என்பதால் ஒருவரை மட்டும் தேர்ந்ததை சோனோஸ் நிர்வாகிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். நூறு காப்புரிமை இருந்தும் ஐந்தை மட்டும் எடுத்தது, இரண்டு எதிரிகள் இருந்தும் ஒருவரை மட்டும் நாடியது என இரண்டுமே செலவு பார்த்து எடுத்த முடிவுகள். பொருளில்லாமல் காப்புரிமையை எண்ணிக்கையில் குவிக்கும் குழுக்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

ஒலியளவுப் பொத்தான்

2020 ஜனவரி 7 அன்று சோனோஸ் லாஸ் ஏஞ்சலஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, கூடவே அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்திலும் முறையிட்டது. 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 337ஆம் பிரிவின்படி இயங்கும் அந்த ஆணையம் ஒரு டாலர் கூட இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் மீறும் பொருள் நாட்டுக்குள் இறக்குமதி ஆவதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஸ்பீக்கர்களோ வெளிநாட்டிலிருந்து இறங்குபவை. பணக்கார எதிரிக்கு இழப்பீட்டைவிடத் துறைமுகத்தில் சரக்கு நிற்பதுதான் வலிக்கும் என்ற கணக்கு சரியானது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரி 6 அன்று, ஐந்து காப்புரிமைகளையும் கூகுள் மீறியதாக ஆணையம் இறுதி முடிவு சொல்லி, இறக்குமதியைத் தடுக்கும் விலக்காணை பிறப்பித்தது. செய்தித்தாள்கள் சோனோஸின் முழு வெற்றி என்று எழுதின. ஆனால் அதே முடிவில் இன்னொரு பகுதியும் இருந்தது. விசாரணையின்போதே கூகுள் ஒவ்வொரு காப்புரிமைக்கும் ஒரு மாற்று வடிவமைப்பை முன்வைத்து, அது மீறவில்லை என்ற தீர்மானத்தையும் வாங்கி வைத்திருந்தது. அதனால் ஆணை வந்த பிறகும் ஸ்பீக்கர்கள் கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தன. மாறியது அவற்றின் மென்பொருள். அதுவரை கைபேசியின் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுவதும் ஏறி இறங்கிய ஒலியளவை, கூகுள் பயனர்கள் ஸ்பீக்கர் ஸ்பீக்கராகத் தனித்தனியே மாற்றவேண்டியதாயிற்று.

இங்கே குழுத்தலைவர் கவனிக்கவேண்டியது இரு பக்கமும் உண்டு. எதிர்த்தரப்பில் இருப்பவர், மாற்று வடிவமைப்பை வழக்கு முடிந்தபின் தேடாமல் விசாரணைக்குள்ளேயே கொண்டுவந்து முத்திரை வாங்குவது எத்தனை பெரிய காப்பு என்பதை இது காட்டுகிறது. உரிமையாளர் பக்கத்தில் இருப்பவர், தன் உரிமைகோரலை, அதாவது காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகத்தை, சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தானே முன்கூட்டி வரைந்து பார்த்து, அந்த வழிகள் ஒவ்வொன்றிலும் வேலி போடத் தொடர் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டும். மாற்று வடிவமைப்புகளை எதிர்த்துச் சோனோஸ் செய்த மேல்முறையீடும், மீறல் முடிவை எதிர்த்துக் கூகுள் செய்த மேல்முறையீடும் 2024 ஏப்ரலில் ஒருசேரத் தோற்றன. ஆணையம் சொன்னதே நின்றது.

காலைக் குழு, மாலைக் குழு

தொடர் விண்ணப்பம் என்பது அமெரிக்கச் சட்டம் தரும் ஒரு வசதி. மூல விண்ணப்பத்தில் எழுதிய அதே விவரக்குறிப்பை வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதிய உரிமைகோரல்களைப் பல ஆண்டுகள் கழித்தும் எழுதலாம். பழைய தேதியின் பலனும் கிடைக்கும். கோரல்கள்தாம் காப்புரிமையின் எல்லைக்கற்கள், விவரக்குறிப்பு நிலம். நிலம் 2006இல் அளந்தது. கல்லை 2019இல், பக்கத்துக்காரர் வீடு கட்டிய இடம் பார்த்து நடலாம். துறையில் இது அன்றாட நடைமுறை, குறுக்குவழி என்று யாரும் கருதுவதில்லை. ஒரே மூல விண்ணப்பத்திலிருந்து கிளைத்தவற்றைக் குடும்பம் என்பார்கள்; முக்கியமான குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்பத்தையாவது மூடாமல் வைத்திருப்பது நல்ல குழுவின் இலக்கணம் என்றே சொல்லிக்கொடுக்கிறோம்.

வழக்கில் சிக்கிய குடும்பம் ‘மண்டலக் காட்சிகள்’ என்ற எண்ணத்தைப் பற்றியது. கண்டுபிடிப்பாளர் ராபர்ட் லம்போர்ன். ஒரு வீட்டில் படுக்கையறையும் சமையலறையும் சேர்ந்து ‘காலை’ என்ற குழு, சமையலறையும் கூடமும் தோட்டமும் சேர்ந்து ‘மாலை’ என்ற குழு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் முன்னதாகவே பெயரிட்டுச் சேமித்துவிட்டு, வேண்டியபோது ஒன்றை அழைத்தால் போதும். சமையலறை ஸ்பீக்கர் இரண்டு குழுவிலும் இருக்கிறது. ஒரே கருவி ஒன்றுக்கு மேற்பட்ட சேமித்த குழுக்களில் இருக்கலாம் என்ற இந்த ‘மேற்பொருந்தல்’தான் சண்டையின் மையம். 2006 செப்டம்பரில் தற்காலிக விண்ணப்பம், 2007இல் முழு விண்ணப்பம், பிறகு சங்கிலியாகத் தொடர் விண்ணப்பங்கள் என்று சென்ற குடும்பத்தில், மேற்பொருந்தலைக் குறிவைத்த கோரல்கள் 2019இல்தான் எழுதப்பட்டன. தொடக்கத்தில் சொன்ன வாசகத் திருத்தம் நடந்ததும் அப்போதுதான்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிய வேறொரு வழக்கில், 2023 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. ஆரக்கிள்–கூகுள் வழக்கை நடத்திய அதே ஆல்சப்தான். தொழில்நுட்பத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் நீதிபதி அல்லர். 10,848,885 என்ற எண்ணுள்ள காப்புரிமையில் மீறல் உண்டு என்றும், கருவி ஒன்றுக்கு 2.30 டாலர் வீதம் 1.41 கோடிக் கருவிகளுக்குத் தொகை தரவேண்டும் என்றும் ஜூரி முடிவு செய்தது. உடன் வைக்கப்பட்ட 966 என்று முடியும் காப்புரிமையில் மீறல் இல்லை என்றது.

அக்டோபர் 6ஆம் தேதி ஆல்சப் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தார். அவர் பார்வையில் நடந்தது இது: 2014இலேயே, கூட்டுப் பணிப் பேச்சின்போது, மேற்பொருந்தும் குழுக்களைப் பற்றிய தன் திட்டத்தைக் கூகுள் சோனோஸிடம் காட்டியிருக்கிறது. 2015இல் பொருளும் சந்தைக்கு வந்தது. சோனோஸ் அதன்பின் பல ஆண்டுகள் பொறுத்து, பதின்மூன்று ஆண்டுப் பழைய விண்ணப்பத்தின் நிழலில் கோரல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. துறை முன்னே போக, கண்டுபிடிப்பாளர் பின்னாலிருந்து வந்து உரிமை கொண்டாடுகிறார் என்று அவர் கடிந்துகொண்டார். பரிசீலனையில் நியாயமற்ற தாமதம் செய்ததால் இரண்டு காப்புரிமைகளையும் செயல்படுத்த முடியாது என்றும், 2019இல் சேர்த்த வாசகம் மூல விண்ணப்பத்தில் இல்லாத புதிய பொருள், ஆகவே பழைய தேதியின் பலன் கிடைக்காது, செல்லாது என்றும் தீர்ப்பளித்தார். சில நாட்களில் கூகுள், ஒரே ஸ்பீக்கரைப் பல குழுக்களில் வைக்கும் வசதியைத் திரும்பக் கொடுத்தது.

தாமதம் என்ற இந்த எதிர்வாதம் அதுவரை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜெரோம் லெமெல்சன் போன்றோரின் பல்லாண்டு இழுத்தடிப்புகளோடு பேசப்பட்டு வந்த ஒன்று. சொந்தமாகப் பொருள் செய்து விற்கும் நிறுவனத்தின் சாதாரணத் தொடர் விண்ணப்பச் சங்கிலி மீதும் அது பாயும் என்றதும் காப்புரிமைத் துறையில் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. எனக்கு ஆல்சப்பின் சினம் புரிகிறது, முடிவோடு உடன்பாடு இல்லை. விவரக்குறிப்பு பொதுவெளியில் அச்சாகி எல்லார் கண்ணிலும் இருந்தது. அதிலிருந்து என்ன கோரல் பின்னர் வரலாம் என்று ஊகித்துப் பார்ப்பது எதிர்த்தரப்புக் குழுவின் அன்றாட வேலைகளில் ஒன்று.

2025 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆல்சப்பின் இரண்டு காரணங்களையும் மாற்றியது. தாமதத்தால் தனக்கு விளைந்த பாதிப்பைக் கூகுள் சான்றோடு மெய்ப்பிக்கவில்லை. மேற்பொருந்தலுக்கு விவரக்குறிப்பில் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவும் நிற்கவில்லை. ஜூரியின் 3.25 கோடி டாலர் உயிர்பெற்றது. ஆனால் அதே தீர்ப்பில், கைபேசியிலிருந்து ஸ்பீக்கருக்கு இசையை மாற்றிவிடும் முறை பற்றிய வேறொரு சோனோஸ் காப்புரிமை, முன்பே அறிந்தவற்றிலிருந்து வெளிப்படையானது என்பதால் செல்லாது என்ற கீழ்நீதிமன்ற முடிவை அப்படியே உறுதிசெய்தார்கள். அதைக் காப்பாற்றப் பழைய தேதி எதுவும் உதவவில்லை.

கோப்பைத் திறந்து வைப்பவர் செய்யவேண்டியது

மேல்முறையீட்டில் வென்றதால் 2019இல் நடந்ததெல்லாம் சரி என்று ஒரு குழுத்தலைவர் எடுத்துக்கொண்டால் அது தவறு. ஒரு வாசகம் பிற்சேர்க்கையில் இருந்ததா உடலில் இருந்ததா என்ற கேள்விக்கு விடை காண ஆறு ஆண்டும் பெரும் பொருட்செலவும் ஆயின. அந்த வாசகம் 2007 விண்ணப்பத்தின் உடலிலேயே, ‘ஒரு கருவி இரண்டு சேமித்த குழுக்களில் ஒரே சமயம் உறுப்பாக இருக்கலாம்’ என்று பச்சையாக எழுதப்பட்டிருந்தால், புதிய பொருள் என்ற வாதத்துக்கு இடமே இருந்திராது. கண்டுபிடிப்பாளரோடு முதல் நேர்காணலில் உட்காரும் வழக்கறிஞர், ‘இதே கருவி இன்னொரு குழுவிலும் இருந்தால் என்ன ஆகும்?’ என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை ஒரு படத்தோடு பதிந்திருந்தால் போதும். ஒலிக்கருவிகளில் இப்படிப்பட்ட கேள்விகள் கைவசம் இருக்கவேண்டும்: குழுத்தலைமைக் கருவி நடுவில் அணைந்தால் யார் பொறுப்பேற்பது, பாட்டு ஓடும்போதே புதிய ஸ்பீக்கர் சேர்ந்தால் எங்கிருந்து ஒலிக்கத் தொடங்கும், இணையிலிருந்து ஒன்றைக் கழற்றினால் மற்றது ஒற்றை ஒலிக்கு மாறுமா. பொறியாளர்களுக்கு விடை தெரியும். கேட்காததால் எழுதப்படாமல் போகும்.

இன்னொன்று, கூட்டாளி தன் திட்டத்தைக் காட்டவரும் கூட்டம். 2014இல் சோனோஸ் பார்த்ததைப் போன்ற ஒன்றை ஒரு குழு பார்த்த மறுவாரமே, தங்கள் திறந்த கோப்புகளில் அதற்குப் பொருந்துவது எது என்று தேடி, கோரலைத் தாக்கல் செய்திருந்தால், ஐந்து ஆண்டு மௌனம் என்ற குற்றச்சாட்டு எழாது. வணிகக் குழுவும் காப்புரிமைக் குழுவும் வெவ்வேறு மாடிகளில் வெவ்வேறு நாட்காட்டிகளோடு இயங்கும் நிறுவனங்களில் இதுதான் முதலில் நழுவும். 2025 ஜனவரி முதல் அமெரிக்க அலுவலகமும் தாமதத்துக்கு விலை வைத்திருக்கிறது: மூலத் தேதியிலிருந்து ஆறு ஆண்டு கடந்த தொடர் விண்ணப்பத்துக்குக் கூடுதலாக 2,700 டாலர், ஒன்பது ஆண்டு கடந்ததற்கு 4,000 டாலர். நூறு குடும்பங்களைத் திறந்து வைத்திருக்கும் குழு ஆண்டுதோறும் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து முடிவெடுக்க இது ஒரு நல்ல சாக்கு.

நம் பக்கத்தில் இந்த ஆட்டமே வேறு. கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்கிறவருக்குத் தொடர் விண்ணப்பம் என்ற வாய்ப்பு இல்லை. ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டுபிடிப்பு இருந்தால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி பிரிப்பு விண்ணப்பம் உண்டு, அவ்வளவே. முதலில் வெளிப்படுத்தாததைப் பின்னால் சேர்ப்பதை 59ஆம் பிரிவு தடுக்கிறது. மென்பொருளை வெறுமனே கோருவதற்கு 3(கே) பிரிவின் தடை வேறு. சென்னையில் அல்லது பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சேர்த்து எழுதும் குழுக்கள் இந்திய விதியின் கண்டிப்புக்கே எழுதிப் பழகினால், அந்த விவரக்குறிப்பு அமெரிக்காவிலும் கூடுதல் பலமாகவே இருக்கும்.

885இல் முடியும் அந்தக் காப்புரிமை 2020 நவம்பரில் வழங்கப்பட்டாலும், இருபது ஆண்டுக் கணக்கு முழு விண்ணப்பம் தாக்கலான 2007 செப்டம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த நாளில் அதில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.